பாதியில் நின்றாலும் வீடு வீடாக இருக்க வேண்டும்: முழுவீட்டுத் துப்புரவு முறைகள் ஓர் ஒப்பீடு

வீட்டை முழுதாகச் சுத்தம் செய்து பொருள்களை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் எந்த நாளில் தொடங்குவது என்று யோசிக்கிறார்களே தவிர, எந்த முறையில் செய்வது என்று யோசிப்பதில்லை. அன்றாடம் பெருக்கித் துடைப்பதற்கு முறை என்று தனியாக எதுவும் தேவையில்லை. அது கை பழகிய வேலை. அலமாரிக்குப் பின்னால் படர்ந்திருக்கும் ஒட்டடை, சமையலறை மேல்தட்டின் பிசுக்கு, ஆண்டுக்கணக்கில் திறக்காத பெட்டிகள் ஆகியவற்றில் கை வைக்கும்போதுதான் வேலையின் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே அழுக்கை நீக்குவது பாதி வேலை. இந்தப் பொருளை வைத்துக்கொள்வதா, வெளியேற்றுவதா என்று தீர்மானிப்பது மறுபாதி. முன்னது உடலைக் களைக்க வைக்கும், பின்னது மனத்தை. இவ்விரண்டையும் எந்த வரிசையில், எந்த அளவில் கலப்பது என்பதில்தான் முறைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்தது, பலரும் தேர்ந்தெடுக்கும் வழிதான்: ஒரு விடுமுறை நாளில், ஒரே மூச்சில், வீடு முழுவதும். காலையில் எல்லா அலமாரிகளையும் ஒன்றுவிடாமல் காலி செய்தேன். நண்பகலில் பழைய கடிதங்கள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டி கைக்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் அதோடு போயிற்று. இரவு ஒன்பது மணிக்குக் கட்டில் தெரியாத அளவுக்குத் துணிக்குவியல், நடைபாதையில் பாத்திரங்கள், குளியலறையில் ஊறப்போட்டு மறந்துபோன திரைச்சீலை. அன்றிரவு துணிக்குவியலை அப்படியே தரைக்கு இறக்கிவிட்டுத்தான் படுத்தேன். அந்தக் குவியல் கரைய மூன்று வாரங்கள் ஆயின. அதிலிருந்து எந்த முறையைக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேலையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் அந்த நேரத்தில் வீடு எந்த நிலையில் இருக்கும்? குழந்தைக்குக் காய்ச்சல், எதிர்பாராத விருந்தாளி, மின்தடை, வெறும் அலுப்பு என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்பதால், இந்தக் கேள்விக்கு நல்ல விடை தராத முறையை நான் நம்புவதில்லை.

ஒரே மூச்சு முறைக்கு இந்தக் கேள்வியில் தேர்ச்சி இல்லை. ஒரு வேலை முடிய எவ்வளவு நேரமாகும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். முன்பு இதே வேலை எவ்வளவு இழுத்தது என்பது தெரிந்திருந்தும் நாம் அவ்வாறே மதிப்பிடுகிறோம் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி. வீட்டு வேலையில் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. பொருள்களை வெளியே எடுப்பது விரைவாக நடக்கும், கண்ணுக்கு வேலை நடப்பதுபோலத் தெரியும். திரும்ப வைப்பதுதான் மெதுவாக நடக்கும், அதுவும் நாம் களைத்துப்போன மாலை வேளைக்கென்றே மிஞ்சியிருக்கும். எதை வைத்துக்கொள்வது என்று காலையில் தெளிவாகத் தீர்மானித்த அதே ஆள், மாலையில் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துப் பரணில் ஏற்றிவிடுகிறார். எனினும் இந்த முறைக்கென்று ஓர் இடம் உண்டு. குடிபோகும் முன் வெறும் வீட்டைத் துடைப்பது, காலி செய்து ஒப்படைக்கும் முன் கழுவுவது, வண்ணம் பூசுவதற்காக ஏற்கெனவே எல்லாம் நகர்த்தப்பட்டிருக்கும் நாள்கள் ஆகியவற்றில் தீர்மானிக்க வேண்டிய பொருள்களே இல்லை. உடலுழைப்பு மட்டும் மிஞ்சுகிறது. அப்போது இதைவிட விரைவான வழி வேறில்லை.

அடுத்து வருவது அறை அறையாகச் செய்யும் முறை. இதன் பெரிய வசதி, கதவைச் சாத்திவிட முடியும் என்பது. ஓர் அறை கலைந்து கிடந்தாலும் மற்ற அறைகளில் சமைக்கலாம், தூங்கலாம். அறை என்பதையும் இன்னும் சிறிதாக்கி, ஓர் இழுப்பறை, ஒரு தட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் இழப்பு ஓர் இழுப்பறையோடு முடிந்துவிடும். வரிசை மட்டும் மாறக்கூடாது: மேலிருந்து கீழ், உலர்ந்த வேலைக்குப் பிறகே ஈர வேலை. தரையைத் துடைத்துவிட்டு விசிறியின் இறக்கையில் கை வைத்தவர்களுக்கு முதல் விதியின் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை; தூசியைத் தட்டாமல் ஈரத்துணியைப் போட்டவர்களுக்கு, அது சேறாகி மூலைகளில் அப்பிக்கொள்வது தெரியும்.

இந்த முறையில் நேரத்தைத் தின்பது, அறைக்குப் பொருந்தாத பொருள்களே. படுக்கையறையில் ஒரு திருப்புளி கிடைக்கும். அதை வைக்க வேறோர் அறைக்குப் போனால், அங்கே கிடக்கும் இன்னொன்று கண்ணில் படும். அரை மணி கழித்துத் தொடங்கிய இடத்தை மறந்து, மூன்றாவது அறையில் நின்றுகொண்டிருப்போம். இதற்கு எனக்குப் பலன் தந்தது ஒரு சாதாரணக் கூடை. வேறிடத்துப் பொருள் எதுவானாலும் கூடைக்குப் போகும். அறை முடியும்வரை வாசலைத் தாண்டுவதில்லை. முடிந்தபின் ஒரே ஒரு சுற்று. எந்த அறையில் தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மிக மோசமான அறையை முதலில் முடித்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும் என்பார்கள் சிலர். நான் குளியலறையைத்தான் சொல்வேன். அங்கே பொருள்கள் குறைவு, காலாவதியான குப்பிகளைத் தூக்கிப்போடுவதற்கு யாரும் கண்ணீர் விடுவதில்லை, ஒரே காலைப்பொழுதில் முடிந்தும்விடும்.

அறைவாரி முறையின் உண்மையான குறை வேறு. ஒரே வகைப் பொருள் வீடு முழுவதும் சிதறியிருப்பதை இந்த முறை ஒருபோதும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒவ்வோர் இழுப்பறையிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் நியாயமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பினால்தான் ஏழு கத்தரிக்கோல்கள் இருப்பதும், அவற்றில் இரண்டு மட்டுமே வெட்டுவதும் தெரியவரும். அறையை விட்டுவிட்டுப் பொருள்களின் வகையைப் பிடித்துக்கொண்டு, துணிகள் ஒரு நாள், காகிதங்கள் ஒரு நாள், கம்பிகளும் சார்ஜர்களும் ஒரு நாள் என்று போகும் முறை இதிலிருந்துதான் வலிமை பெறுகிறது. வெளியேற்றும் அளவு இதில்தான் மிக அதிகம். திரும்பக் குப்பை சேரும் வேகமும் குறைகிறது. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது தெரிந்தவர் அதையே மறுபடி வாங்குவதில்லை அல்லவா?

ஆனால் நான் கேட்கும் கேள்விக்கு இதன் விடை, வகையைப் பொறுத்து மாறுகிறது. மருந்துகளை எடுத்துக்கொண்டால் வீடு முழுவதிலிருந்தும் ஒரு தட்டளவுதான் சேரும். தேதி பார்த்துப் பிரித்து முக்கால் மணியில் முடித்துவிடலாம். ரசீதுகளும் சான்றிதழ்களும் இதைவிட நேரம் கேட்கும், ஆனால் காகிதத்தை வகை பிரிக்காமல் ஒழுங்குபடுத்த வேறு வழியே கிடையாது. ஓர் அறையின் காகிதங்களை மட்டும் அடுக்கி வைப்பது, அடுத்த அறையில் அதே கோப்பின் மறுபாதி கிடக்கும்போது, வீண் வேலை. துணியோ ஆபத்தானது. ஒரு குடும்பத்தின் அத்தனை துணிகளையும் ஒரே கட்டிலில் குவித்தால், இரவுக்குள் முடிக்காவிட்டால் படுக்க இடமில்லை. என்னுடைய பழைய தோல்வியும் ஏறத்தாழ இதுவே. ஒருவருடைய துணியை மட்டும், அதிலும் மேலாடை, உள்ளாடை, குளிராடை என்று பிரித்து எடுத்தால் இந்த ஆபத்து நீங்கும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: வகைவாரி முறை ஒழுங்குபடுத்துமே தவிர, ஒரு துளி அழுக்கையும் நீக்காது. துணியெல்லாம் சீரான பிறகும் அலமாரியின் பின்சுவரில் பூஞ்சணம் அப்படியே இருக்கும்.

தினம் கால் மணி நேரம் என்ற முறை இவற்றையெல்லாம் விட எளிமையாகத் தோன்றுகிறது. கணக்கும் கவர்ச்சியானதுதான்: முப்பது நாளில் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு வேலைநாள். பாதியில் நிறுத்துவது என்ற பேச்சே இதில் எழுவதில்லை, ஏனென்றால் அது தினமும் நிற்கிறது. ஆயினும் வாளி, துணி, ஏணி ஆகியவற்றை எடுத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் ஐந்து நிமிடம் போய்விட்டால், அந்த ஏழரை மணி நேரம் ஐந்தாகச் சுருங்கிவிடும். இழுப்பறைகள், தட்டுகள், கதவுக் கைப்பிடிகள், மின்பொத்தான்கள் போன்ற வேலைகளுக்கு இது மிகவும் ஏற்றது. கனமான பொருளை நகர்த்த வேண்டிய வேலைகளுக்கும் ஏணி தேவைப்படும் வேலைகளுக்கும் ஏற்றதன்று. பிசுக்கும் உப்புக்கறையும் இந்த இரண்டாம் வகையில் சேரும் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு என்று புரிந்தது, அழுக்கு எப்படிப் போகிறது என்பதைச் சற்று அறிந்துகொண்ட பிறகுதான்.

ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-இல் ஒரு வட்டத்தை வரைந்து காட்டினார். துப்புரவு என்பது வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம் என்ற நான்கின் கூட்டு. அவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டினால் தேய்ப்பைக் குறைக்கலாம் என்பதுதான் இதில் நம் முதுகுக்கு வேண்டிய பகுதி. சமையலறை அலமாரியின் மேற்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அங்கே படிந்திருப்பது என்னவென்று தெரியும்: எண்ணெய் ஆவி படிந்து, அதில் தூசி ஒட்டி, கோந்துபோல இறுகிய பழுப்பு நிற மேலங்கி. உலர்ந்த துணி அதில் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணி வழுக்கும், நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அதன்மேல் வெந்நீரில் கரைத்த பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு பழந்துணியில் நனைத்துப் பரப்பிவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பார்த்தால், பிறகு ஒரே இழுப்பில் தகடுபோல வந்துவிடுகிறது. குழாயின் கழுத்தில் படியும் வெண்மையான உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்துக்குத்தான் இளகும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் மறந்துவிடலாம். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் மட்டும் வினிகர் படக்கூடாது. கறை எதனால் ஆனதோ அதனால்தான் அந்தக் கல்லும் ஆகியிருக்கிறது, அமிலத்துக்கு வேறுபாடு தெரியாது.

ஆகவே கால் மணி நேரத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். ஐந்து நிமிடம் பூசுவதற்கு, பத்து நிமிடம் பிறகு துடைப்பதற்கு; இடைப்பட்ட நேரம் நம்முடையது. சோடா உப்பையும் வினிகரையும் கலந்து நுரை பொங்க விடுவது பலருக்குப் பிடித்த காட்சி; ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு, கடைசியில் கிட்டத்தட்ட உப்புநீர்தான் மிஞ்சுகிறது. தனித்தனியே இரண்டும் பயனுள்ளவை, சேர்ந்தால் வேடிக்கை மட்டும். வேடிக்கையோடு நிற்காத கலவைகளும் உண்டு. குளோரின் பிளீச்சுடன் அமிலம் எதுவும், கழிப்பறைக் கறைநீக்கியானாலும் வினிகரானாலும், சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வாயுக்கள். சிறிய, கதவு மூடிய குளியலறையில் இவை உயிருக்கே ஆபத்தானவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் வேகத்தில்தான் ஒரு திரவம் காயும் முன் அடுத்ததை ஊற்றிவிடுகிறோம் என்பதால், ஒரே மூச்சு முறைக்கு எதிராக இதையும் நான் கணக்கில் வைக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டி மட்டும் தன் கெடுவைத் தானே விதித்துக்கொள்கிறது. எளிதில் கெடும் உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. எனவே எந்த முறையைப் பின்பற்றினாலும் அதை ஒரு தட்டு ஒரு தட்டாகத்தான் காலி செய்ய வேண்டும்.

ஆள் வைத்துச் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்துச் சன்னல்களின் வெளிப்புறம், மெத்தை, சோபா, தரைவிரிப்பு ஆகியவற்றுக்கு அவர்களிடம் இருக்கும் கருவியும் பயிற்சியும் நம்மிடம் இல்லை; அங்கே தயங்காமல் அவர்களை அழைக்கலாம். நனைத்துக் கழுவிய மெத்தையும் விரிப்பும் ஒன்றிரண்டு நாளுக்குள் முழுதாகக் காய வேண்டும், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்ற தீர்மானத்தை அவர்களிடம் ஒப்படைக்க முடியாது. ஒழுங்குபடுத்தாத வீட்டுக்கு ஆள் வந்தால், நாம் கொடுக்கும் கூலியில் பாதி, பொருள்களை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நகர்த்துவதற்கே போகும்.

பெட்டிகள் வாங்குவதிலும் இதே வரிசைப் பிழை நடக்கிறது. பலர் ஒழுங்குபடுத்துவதைப் புதிய பெட்டிகளிலிருந்து தொடங்குகிறார்கள். அளவு பார்க்காமல் வாங்கிய பெட்டி தட்டுக்குள் நுழையாது, நுழைந்தாலும் அதில் போட ஏதாவது வேண்டுமே என்று வெளியேற்ற வேண்டியதெல்லாம் அதற்குள் தஞ்சம் புகும். கழித்தபின் மிஞ்சுவதை அளந்து பார்த்துவிட்டு வாங்குவதே முறை. நாள்தோறும் தேவைப்படுவதற்கு மூடியில்லாத கூடையும், எப்போதாவது தேவைப்படுவதற்கு உள்ளிருப்பது தெரியும் பெட்டியும் போதும். மூடியைத் திறப்பது என்ற ஓர் அசைவு கூடினாலே, பொருள் பெட்டிக்குள் போகாமல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தால், முறையைத் தேர்ந்தெடுப்பதில் மற்றவரின் மனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 இணையரைக் கொண்டு டார்பி சாக்ஸ்பியும் ரேனா ரெப்பெட்டியும் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொருவரும் தம் வீட்டைச் சுற்றிக்காட்டியபோது பேசிய சொற்கள் எண்ணப்பட்டன. ‘அடைசலாக இருக்கிறது’, ‘இன்னும் முடியவில்லை’ என்னும் பொருள்படப் பேசிய பெண்களுக்கு, காலையிலிருந்து மாலைக்குள் இயல்பாகக் குறைய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அந்த அளவுக்குக் குறையவில்லை. அடைசலோடு முடியாத வேலையும் அதில் சேர்ந்திருந்தது என்பது என் கவனத்தை ஈர்த்தது. ஒருவர் ஆர்வத்தோடு கலைத்துப்போட்ட அறை, அவர் அலுத்து விலகிய பிறகு, இன்னொருவர் கண்முன் வாரக்கணக்கில் முடியாத வேலையாக நிற்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் செய்வது இதுதான்: காகிதம், மருந்து, கம்பிகள் ஆகிய மூன்றையும் முதலில் வகைவாரியாக முடித்துவிடுகிறேன், அவை மூன்றும் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு மேசைக்குள் அடங்குபவை. பிறகு குளியலறையில் தொடங்கி அறை அறையாக, வாரத்துக்கு ஓர் அரைநாள். அந்த அறையின் இழுப்பறைகளை வாரநாள்களின் கால் மணி நேரங்களிலேயே காலி செய்து கழித்துவிடுவதால், அரைநாள் முழுவதும் ஒட்டடைக்கும் தண்ணீருக்கும் கிடைக்கிறது. துணிகளை ஒருவருக்கு ஒரு நாள் என்று ஒதுக்குகிறேன். கட்டிலில் குவித்தது மாலைக்குள் முடியாது என்று தெரிந்தால், மீதியைப் பிரிக்காமல் அப்படியே அலமாரிக்குத் திருப்பிவிடுகிறேன். வீட்டில் நேரமே இல்லாத, கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் குடும்பங்களுக்கு அரைநாள்கூடப் பெரிது. அவர்களுக்கு ஓர் இழுப்பறை அளவிலான கால் மணி நேரம் மட்டுமே உகந்தது, மற்றவற்றை ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம். குழந்தை நடமாடும் வீட்டில் திரவங்களை ஊறவைத்துவிட்டு விலகும் வேலையை அது தூங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடிதங்களையும் புகைப்படங்களையும் நான் எந்த முறைக்குள்ளும் சேர்ப்பதில்லை. அன்று ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிய அந்த அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறது. மேலே தூசி தட்டி, அடிப்புறம் துடைத்து, பூச்சி அரிக்காமல் மூடியை இறுக்கி, மேல்தட்டில் வைத்திருக்கிறேன். துப்புரவு நாள்களில் அதைத் திறப்பதில்லை.